பூட்டில்லாத சான்றிதழ் பெட்டகம்

நாகர்கோவிலில் எனக்கு முதல் மென்பொருள் வேலை, இன்னும் நிரந்தரமாகவில்லை. எங்கள் நிரல் திடீர் திடீரென நின்றுபோனது. காரணம் எனக்குத் தெரிந்துவிட்டது. இணையத்தில் எதிர்முனையை நம்பலாமா என்று சரிபார்க்கும் சான்றிதழ் பெட்டகத்தில், நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்களில் ஒன்று எழுதும்போதே இன்னொன்று வாசித்தது. ஒன்று முடியும்வரை மற்றதை நிறுத்திவைக்கும் பூட்டு நடுவில் இல்லை.

நிரலின் அந்தப் பகுதியை எழுதியவர் எங்கள் குழுத்தலைவி ஷீபா அக்கா. என்னை நிரந்தரமாக்க வேண்டியவரும் அவர்தான். சில நாள் அவர் மேசை வரை போய்ப் போய்த் திரும்பினேன். கடைசியில் போய்ச் சொன்னேன்.

“எப்பம் கண்டுபிடிச்சே மக்கா?”

“திங்கக்கெழமையே, அக்கா.”

“இத்தன நாளா நான் தலைய பிச்சிட்டு கெடந்தேன். நீ பாத்துட்டு இருந்தியா?”

“நீங்க எழுதினதுல்லா...”

“எழுதினவளுக்கு தப்பே வராதுன்னு யாருலே சொன்னா? இரி. பூட்ட நீயே போடு,” என்று எழுந்து தன் நாற்காலியை என் பக்கம் தள்ளிவிட்டார்.

படித்தவர் சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. நானும் படித்தவன்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.