இது சினோரா தந்த சட்டை இல்லை

"சினோரா தந்ததோ?" இந்த இரண்டு சொல்லைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு விசர் வரும்.

தொண்ணூறுகளில் இத்தாலியின் பலேர்மோவில், இலங்கையிலிருந்து வந்த எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் வீட்டு வேலைதான். பணக்காரர் இருக்கும் லிபெர்த்தா வீதிப் பக்கம் ஒரு வீட்டில் நான் கூட்டித் துடைத்து, உடுப்புத் தோய்த்து, அயன் பண்ணிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரியைத்தான் சினோரா என்போம். குளிர்காலம் முடிய சினோராமார் அலுமாரியை ஒழிப்பார்கள். அவர்களுக்கு அலுத்துப்போன உடுப்பெல்லாம் பைகளில் எங்களிடம் வந்து சேரும். அடுத்த ஞாயிறு மாதா கோயில் தமிழ்ப் பூசைக்கு அதைப் போட்டுக்கொண்டு வெளிக்கிடுவோம். பூசை முடிந்து கோயில் முற்றத்தில் நடக்கும் கதையைக் கேட்டால், நாங்கள் எல்லோரும் பாரிஸில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றுதான் நினைப்பீர்கள்.

சினோராமாருக்குப் பிரெஞ்சு உடுப்பென்றால் உயிர். அந்தக் கம்பனிகளின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. கழுத்துக்குள் தைத்திருக்கும் துண்டின் நிறம்தான் எங்களுக்குப் பெயர். கறுப்புத் துண்டு போட்டுக்கொண்டு போனால் றோட்டில் போகிறவன் திரும்பிப் பார்ப்பான், அப்படி ஒரு வெட்டு. ஆனால் இரண்டு தரம் தோய்த்தால் தெறி பொத்தானெல்லாம் கழன்று கையோடு வரும். நீலத் துண்டை என்ன செய்தாலும் அசையாது, நல்லாய் உழைக்கும். என்ன பிரயோசனம், இடுப்பே இருக்காது, போட்டால் கன்னியாஸ்திரி மாதிரி. பொன்னெழுத்துத் துண்டில் வடிவும் உண்டு, உழைப்பும் உண்டு. விலையைப் பார்த்தால்தான் தலை சுற்றும். விலைச்சீட்டைக்கூட அவிழ்க்காமல் பைக்குள் போட்டுத் தந்த சினோராவும் இருக்கிறாள்.

"நீலத்தை நான் எத்தினை வருசமாப் போடுறன், நூல் ஒண்டு கழரேல்லை."

"போடி, உதை ஆர் பாக்கினம்? கறுப்பெண்டால் கறுப்புத்தான்."

இப்படி அடிபடுவார்கள். அந்த உடுப்பு விற்கும் கடைகளில் சொந்தக் காசில் ஒரு கைலேஞ்சி வாங்கினவள்கூட அந்த முற்றத்தில் இல்லை. நானும் அவர்களோடு நின்று வாயடித்தவள்தான். மகள் முதல் தரம் நற்கருணை வாங்கும் நாள், முதல் நன்மை, நெருங்கி வர எனக்கு அது பொறுக்கவில்லை. அன்றைக்கும் இன்னொருத்தியின் வியர்வை ஊறிய சட்டையோடு பீடத்துக்கு முன்னால் போய் நிற்பதா? ஏன், எனக்கென்ன கை கால் இல்லையா? அந்த ஒரு நாளுக்காவது எனக்கென்று வாங்கினதைப் போட வேண்டும். அவ்வளவுதான் ஆசை.

தை மாத மலிவு விற்பனைக்குப் பொலிதேயாமாச் சதுக்கத்தில் ஒரு கடைக்குள் போனேன். மூன்று துண்டுக்காரரின் சட்டைகளும் அங்கே தொங்கின. கடைக்காரப் பெட்டை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உங்கள் சினோராவுக்கா? அவருடைய அளவு என்ன?" என்று கேட்டாள்.

"எனக்கு" என்றேன்.

அவளுக்கு விளங்கவில்லை. திரும்பவும் கேட்டாள். "எனக்கு, எனக்கு!" என்று நெஞ்சில் தட்டிச் சொன்ன பிறகுதான் விளங்கியது. அந்தக் கோபத்திலேயே ஒவ்வொரு சட்டையாக உள்பக்கம் புரட்டித் தையலைப் பார்த்தேன், தெறியை இழுத்துப் பார்த்தேன். இழுக்க வேண்டாம் என்றாள். இழுத்தேன். கறுப்பு வழக்கம்போலப் பல்லை இளித்தது. பொன்னெழுத்து, மலிவிலும் மலிவில்லை. அந்த முறை நீலத் துண்டுக்காரனுக்கு எங்கிருந்தோ ஞானம் வந்து இடுப்பும் வைத்துத் தைத்திருந்தான். கடும் பச்சை நிறம். போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே தைத்த மாதிரி இருந்தது.

வாங்கிக்கொண்டு வந்து என் மனுசனுக்குக் காட்டினேன். "ம்" என்றார். நல்லது என்கிறார் என்று நினைத்தேன்.

முதல் நன்மையன்று வெள்ளை முக்காட்டோடு மகள் தேவதை மாதிரி இருந்தாள். மனுசன் அவளைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். புது வீடியோக் கமெரா. கொழும்பில் இருக்கும் தன் தங்கைக்குக் கசெற் அனுப்பவென்று வாங்கியது. பூசை முடிந்து முற்றத்துக்கு வர, முற்றத்தில் எப்போதும் முதலில் வாய் திறக்கிற பெண் ஓடிவந்து என் கழுத்துக்குப் பின்னால் கையை விட்டுத் துண்டைப் புரட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, சட்டை அந்த மாதிரி! சினோரா தந்ததோ?"

நான் வாயைத் திறக்க முதல், கமெராவுக்குப் பின்னாலிருந்து என் மனுசன் சொன்னார்: "ஓம் ஓம், சினோரா குடுத்தது."

விசர் உச்சியில் ஏறியது எனக்கு.

"பொய்!" என்று கத்தினேன். "ஒருத்தரும் தரேல்லை. நான் வாங்கினது. கடையிலை, புதுசா, என்ரை காசிலை!"

"கேட்டது ஒரு குத்தமே, ஏனக்கா கத்துறியள்?" என்று அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனாள். கமெரா மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் தொடங்கினோம்.

"விசரே உமக்கு?" என்றார் அவர். "ஊரிலை சண்டை. என்ரை தங்கச்சி கொழும்பிலை ஒரு அறைக்குள்ளை கிடந்து அவியுது. இஞ்சை அண்ணன்ரை மனுசி பிரெஞ்சுச் சட்டை வாங்கிப் போடுறாவாம் எண்டு கேள்விப்பட்டால் என்ன நினைப்பாள்?"

"அப்ப அந்தக் கண்டறியாத கமெரா?" என்றேன். "கோயில் முழுக்கக் காட்டி, நான் வாங்கினது, நான் வாங்கினது எண்டு திரிஞ்சனீங்களே. அதையும் சினோரா தந்தவ எண்டு சொல்லியிருக்கலாமே?"

கமெராவைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். "அந்த இடத்தை மட்டும் அழிச்சுப்போட்டு அனுப்புவம்" என்றார்.

"அழிச்சுப் பாருங்கோ. கமெரா யன்னலாலை போகும்."

நான் செய்யக்கூடியவள் என்று அவருக்குத் தெரியும். கசெற் அப்படியே, கொழும்புக்குப் போன ஒருவர் கையில் போனது.

கொஞ்ச நாளில் தங்கையிடமிருந்து போன் வந்தது. மனுசன் கதைத்துவிட்டு, "உம்மோடை கதைக்க வேணுமாம்" என்று நீட்டினார். முகத்தில் 'இப்ப அனுபவியும்' என்று எழுதியிருந்தது. வரட்டும் என்று வாங்கினேன். அவள் என்ன சொன்னாலும் திருப்பிக் கொடுக்க நாக்கு நுனியில் எல்லாம் தயாராக வைத்திருந்தேன்.

"மச்சாள், கசெற் பாத்தனாங்கள். பிள்ளை நல்ல வடிவு. உங்கடை அந்தப் பச்சைச் சட்டையும் வடிவு." கொஞ்சம் இழுத்தாள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள். "நீங்கள் போட்டு அலுத்தாப் பிறகு எனக்கு அனுப்புவியளே?"

தயாராக வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ தெரியாது. கோபம் மட்டும் போகவில்லை. அவள் மேல் இல்லை. அப்படிக் கேட்க எங்களைப் பழக்கிவிட்ட எல்லார் மேலும்.

"பழசு அனுப்ப மாட்டன்" என்றேன்.

மனுசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"உம்மடை அளவைச் சொல்லும், மச்சாள்."