மலையேறி வந்த வேப்பிலை

மருந்து கொடுக்கிறவனுக்குப் பாதி வசவு, மீதி சாபம். இந்தத் தொழிலில் நொந்தவங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. தேவிகுளத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் நான் டிரசர். டாக்டர் எப்பவாவது குதிரையில் வருவார். மத்தபடி புண்ணைக் கட்டுறதும் நானே, பொணத்தைத் தூக்க ஆள் தேடுறதும் நானே.

அம்மை குத்த வந்த நாள்

அம்மை குத்த ஆள் வர்றதைக் கங்காணி முந்தின நாளே சொல்லித் தொலைச்சதுதான் தப்பு. காலையில் பார்த்தா, கூலிக்காரங்க குடியிருக்கிற லயத்தில் ஒரு பிள்ளைகூட இல்லை. தூக்கிக்கிட்டு சோலைக்காட்டுக்குள்ளே போய் உட்கார்ந்துட்டாங்க. மாட்டினவங்க மட்டும் சளைச்சவங்களா? குத்தின கையோட ஓடைக்குப் போய், சாம்பல் போட்டுத் தேய்ச்சுக் கழுவிட்டாங்க. எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

சாயங்காலம் பொன்னம்மாள், மகள் செல்லக்கிளியை இடுப்பில் வச்சுக்கிட்டு காட்டிலிருந்து வந்தா. கொழுந்து பறிக்கிறதில் அவளை மிஞ்ச ஆளில்லை, வாயிலும் அப்படித்தான். "அறிவிருக்கா? பிள்ளைக்கு அம்மை வந்தா என்ன செய்வே?"ன்னு கத்தினேன். அவ நிதானமா சொன்னா: "வரணும்னா ஆத்தா தானா வருவா. அவளை எதுக்குய்யா குத்திக் கூப்பிடுறீக?"

ஆட்டுக்குத் தழை

எங்க மலைக் குளிருக்கு வேம்பு வளராது. அம்மை கண்ட வீட்டுக்கோ வேப்பிலை இல்லாம ஆகாது. அதனால போடியிலிருந்து யாராவது வேப்பங்குழையோட மலையேறினா, எங்கேயோ அம்மை வந்திருக்குன்னு நான் தெரிஞ்சுக்குவேன். வாயைத் திறந்து ஒருத்தரும் சொல்லமாட்டாங்க. சொன்னா நோயாளியை ஓடைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒதுக்குக் கொட்டகைக்குக் கொண்டுபோயிடுவோமே! போன தடவை அங்கே போன பிள்ளைகளில் ஒண்ணுகூட திரும்பலை. ஒளிக்கிறவங்களை எப்படிக் குத்தம் சொல்ல? ஒளிச்சா லயம் முழுக்கப் பரவுமே, அதை எப்படிச் சும்மா விட?

ஒருநாள் பொன்னம்மாள் புருஷன் மாடசாமி, ஒரு தலைச்சுமை வேப்பங்குழையோட மூச்சு வாங்க ஏறி வந்தான்.

"எதுக்குடா இது?"

"ஆட்டுக்குய்யா."

"உங்கிட்ட ஆடு ஏதுடா?"

திருதிருன்னு முழிச்சான். அப்புறம் கண்ணு கலங்கிப் போச்சு. "இனிமேத்தான்யா வாங்கணும்."

ஓடைக்கு அந்தப் பக்கம்

அவன் வீட்டுக்குள்ளே செல்லக்கிளிக்கு உடம்பெல்லாம் முத்து. கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போனோம். ஏற்கெனவே அம்மை கண்டு பிழைச்சவங்க மட்டும்தான் உள்ளே போகலாம்னு டாக்டர் உத்தரவு. கொட்டகைக் காவல்காரன் இருளாண்டிக்கு முகமெல்லாம் தழும்பு. அவன் கையால்தான் பிள்ளை தண்ணி குடிக்கணும். பொன்னம்மாள் முகத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

வாசலிலேயே அவளை நிறுத்தினேன். உள்ளே பிள்ளை "அம்மா, அம்மா"ன்னு அழுதுது. அவ மண்ணை வாரித் தூத்தியிருந்தாக்கூட எனக்குத் தேவலை. கையெடுத்துக் கும்பிட்டா. "எனக்கும் அம்மை வர ஒரு வழி சொல்லுங்கய்யா. அன்னிக்குக் குத்த வந்தீகளே, அதையாவது குத்திவிடுங்க."

கேட்டது கிடைச்சது

குத்தத் தேவையே இல்லாம போச்சு. ஒளிச்சு வச்சிருந்தப்போ பிள்ளையைக் கட்டிப் படுத்திருந்தாளே, அப்பவே அது அவளுக்கும் ஒட்டியிருக்கு.

செல்லக்கிளி ஒரு விடிகாலையில் போயிட்டா. சோலை ஓரமா அடக்கம் பண்ணிட்டு, லயத்துக்குப் போய் எப்படிச் சொல்றதுன்னு தெரியாம நானும் இருளாண்டியும் கொட்டகை வாசலில் நின்னுக்கிட்டிருந்தோம். அப்போ பொன்னம்மாள் தனியா ஓடையைத் தாண்டி வந்தா. காய்ச்சலில் கால் பின்னுது. கிட்ட வந்து முக்காடை விலக்கிக் காட்டினா. நெத்தியிலும் கன்னத்திலும் முத்து கிளம்பியிருந்தது. அந்த முகத்தோட சிரிச்சா.

"ஆத்தா வந்துட்டாய்யா. இப்பவாவது எம்பிள்ளைகிட்ட விடுவீகளா?"

என் உத்தியோகத்தில் கொட்டகைக்குத் தானா நடந்து வந்த ஒரே நோயாளி அவதான், அவளுக்கும் கதவைத் திறந்துவிட எனக்குக் கை வரலை.