தண்ணீருக்கு அடியில் இருந்த வீதி

மூன்றாம் நாளும் மழை விடவில்லை. எங்கள் தீவைத் தாண்டி, பெருநிலப்பரப்பில் கொழும்புக்குப் போகும் வீதி ஓரிடத்தில் வெள்ளத்துக்குள் மறைந்துவிட்டது. இந்தப் பக்கம் எங்கள் மீன் லொறி. அந்தப் பக்கம், மீனை ஏற்றிப்போகக் கொழும்பிலிருந்து வந்து நின்ற லொறி. ஐஸ் கரையக் கரைய நான் எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன்.

அப்போது தீவில் எருக்கலம்பிட்டியிலிருந்து மீனவர் ஒருவர் உழவு இயந்திரப் பெட்டியில் எஞ்சின் பூட்டிய தன் படகை ஏற்றிக்கொண்டு வந்தார்.

“றோட்டில படகோ? உங்களுக்கென்ன பைத்தியமோ?” என்று கத்தினேன்.

வேறு வழியில்லாமல் மீன் பெட்டிகளைப் படகில் அடுக்கிய பிறகு படகுக்காரரும் தயங்கினார். கடலை அறிந்தவருக்கு இந்த வெள்ளத்தின் அடி தெரியவில்லை.

எங்கள் லொறிச் சாரதி செருப்பைக் கழற்றிவிட்டுப் படகின் முன்முனையான அணியத்தில் ஏறி உட்கார்ந்தார். நீந்தத் தெரியாத மனிதர்.

“நான் சொல்லுற பக்கம் விடுங்கோ” என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் மண்ணிறத் தண்ணீர்தான். அவருடைய கையோ ஒவ்வொரு வளைவுக்கும் ஸ்டியரிங் பிடித்ததுபோல் திரும்பியது. நான் கரையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நடுவெள்ளத்திலிருந்து அவர் குரல் கேட்டது:

“பள்ளிக்கூடம் வருது. முன்னால வேகத்தடை இருக்கு, எஞ்சினைத் தூக்குங்கோ!”