வலை பின்னாத சிலந்தி

ஒரு சிலந்திக்குப் பயந்து வீட்டை விட்டுப் போகச் சொன்னார்கள். கணவர் சொன்னார், கணவரின் அக்கா சொன்னார், பக்கத்து வீட்டு ராத்தா சொன்னார். கடைசியில் என் மகளும் சொன்னாள். நான் போகவில்லை. பிடிவாதக்காரி என்று இன்றைக்கும் என்னைப் பற்றிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். சொல்லட்டும்.

எங்கள் பக்கத்தில், கல்முனையிலும் சாய்ந்தமருதிலும், வீடு பெண்ணுடையது. கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண்ணின் வீட்டுக்கு வருவார். பெண் பிள்ளை பிறந்த அன்றைக்கே வாப்பாவுக்கும் உம்மாவுக்கும் வீட்டுக் கவலை தொடங்கிவிடும். எனக்கும் உம்மா ஒரு வீடு தந்தார், கடற்கரைப் பள்ளிவாசலுக்குப் பின்னால். சுனாமி அதையும் எடுத்தது, உம்மாவையும் எடுத்தது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியதில் நானும் அவளும் மிஞ்சினோம். மீன் விற்க நாவிதன்வெளிப் பக்கம் போயிருந்த கணவரும் தப்பினார்.

அதற்குப் பிறகு வருடக்கணக்கில் தகரக் கொட்டில்தான். மத்தியானத்தில் உள்ளே இருந்தால் மனிதர் வெந்து போவோம். கடைசியில் ஊருக்கு மேற்கே, வயல் ஓரத்து வீட்டுத்திட்டத்தில் ஒரு வீடு கிடைத்தது. ஓர் அறை, ஒரு விறாந்தை, கை நீட்டினால் இரண்டு சுவரும் தட்டுப்படுகிற ஒரு குசினி. வீட்டில் ஆள் இருக்க வேண்டும், பூட்டிப் போட்டால் வேறு குடும்பத்துக்குக் கொடுத்துவிடுவோம் என்பது நிபந்தனை. கொட்டிலில் இன்னும் எத்தனையோ பேர் கிடந்தார்கள். நிபந்தனையில் பிழை இல்லை. ஆனால் அந்த வீடு போனால் என் மகளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு வீடு கிடையாது. வீடில்லாத பெண் பிள்ளையை எங்கள் ஊர் எப்படிப் பார்க்கும், எப்படிக் கதைக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

யுத்தம் முடிகிற மாதங்கள் அவை. சண்டை வடக்கில் நடந்தது. எங்கள் பக்கம் ஓய்ந்திருந்தாலும் சந்திக்குச் சந்தி சோதனைச்சாவடி இருந்தது. அந்த வருடம் மாரி முடிந்த பிறகும் மழை விடவில்லை. ஒரு பின்னேரம், கதவு மூலையில் சுருட்டி நிறுத்தியிருந்த பன்பாயை மகள் இழுத்து விரித்தாள். "உம்மா!" என்று ஒரு கத்தல். கையை உதறினாள். பாயிலிருந்து என் உள்ளங்கை அகலத்தில் மயிர் மயிராக ஒன்று இறங்கிச் சுவரோரமாகப் போனது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராத்தா ஓடி வந்தார். கையில் தும்புத்தடி இருந்தது. அடித்தாரா? இல்லை. தும்புத்தடியின் நுனியால் மெல்ல மெல்லத் தள்ளி, "போ, போ, வெளிய போ" என்று வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டார். எங்கள் ஆட்கள் சிலந்தியைக் கொல்லமாட்டார்கள். நபிகள் நாயகம் குகைக்குள் ஒளிந்திருந்தபோது வாசலில் வலை பின்னி, தேடி வந்தவர்களைத் திருப்பி அனுப்பிய பூச்சி என்று சின்ன வயதிலேயே சொல்லித் தந்திருக்கிறார்கள். ஒட்டடை அடிக்கும்போதுகூடச் சிலந்தியைத் தனியாக எடுத்து விட்ட பிறகுதான் அடிப்போம். அதனால் என் பிள்ளையைக் கடித்த பூச்சியை நாங்கள் மரியாதையாக வழியனுப்பி வைத்தோம். அதுவும் மரியாதையாக வீட்டின் பின்புறம் போய்ச் சேர்ந்தது.

பிள்ளையின் கை முழங்கை வரை வீங்கியது. பிறகு காலும் முதுகும் இழுக்கத் தொடங்கின. ஆஸ்பத்திரியில் டாக்டர் முதலில் கேட்டது, "என்ன மாதிரிச் சிலந்தி?"

"பெரிசு" என்றேன். வேறொன்றும் சொல்லத் தெரியவில்லை. எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேரே மதினி வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். கணவரின் அக்காவைத்தான் மதினி என்கிறேன். ஊருக்கு நடுவில் மாடி வீடு. நல்ல மனுசி, அதுதான் வில்லங்கம். கெட்டவராக இருந்தால் சண்டை பிடித்துவிட்டு வந்திருப்பேன். மகளுக்குக் கஞ்சி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே, "அது வயலும் பத்தைக் காடும். அங்க புள்ளய வெச்சிரிக்க ஏலாதுகா. இஞ்சயே இரிங்க. ஆரு வேணாமெண்ட?" என்றார்.

"வீடு போயிடும் மதினி."

"போனாப் போகட்டுமே. புள்ளயோட பாக்கக்க வீடு பெரிசா?"

கணவரும் அதையே சொன்னார். "வீடு பொறகும் எடுக்கலாம்."

எங்கே எடுப்பார்? கேட்டேன். அக்காவைப் பார்த்தார். அவருக்கென்ன, அவர் என் வீட்டுக்கு வந்தவர். அக்கா வீட்டிலும் அதே தேத்தண்ணி கிடைக்கும். எனக்கு வந்த ஆத்திரத்தில் கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்த சத்தம் மாடி வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுத்திட்டக் கமிட்டித் தலைவரும் வந்து பிள்ளையைப் பார்த்தார். போகும்போது வாசலில் நின்று, "கொஞ்ச நாள் பாப்பம் தங்கச்சி. அதுக்கு மேல என்னால சமாளிக்க ஏலா" என்றார். அது எனக்கு விளங்கியது. ஆனால் மகள் என் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் அந்த வூட்டுக்கு வரமாட்டன் உம்மா" என்றாளே, அதுதான் நெஞ்சில் அடித்தது. யாருக்காக அந்த வீடோ, அவளே வேண்டாம் என்கிறாள். அடுத்த நாள் விடிந்ததும் அவளை மதினியிடம் விட்டுவிட்டு நான் தனியாகத் திரும்பிப் போனேன்.

சிலந்தியைப் பிடிக்க வேண்டுமென்றால் எது அந்தச் சிலந்தி என்று தெரிய வேண்டும். நான் பார்க்கத் தொடங்கினேன். கூரை மூலையில் நூல் மாதிரிக் காலோடு தொங்குவது அது இல்லை. கொய்யா மரத்துக்கும் கொடிக்கயிற்றுக்கும் நடுவே வட்ட வலை பின்னி நடுவில் உட்கார்ந்திருப்பதும் அது இல்லை. இலையான் ஈயைப் பாய்ந்து பிடிக்கிற குட்டிச் சிலந்தி ஒன்று யன்னலில் திரியும், அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். வெள்ளைத் தட்டு மாதிரி முட்டைப் பையை வயிற்றில் அணைத்துக்கொண்டு சுவரில் ஓடுகிற தட்டையான பெரிய சிலந்தியைப் பார்த்து முதலில் அதுதான் என்று பதறினேன். ஆனால் அதன் காலில் அவ்வளவு மயிர் இல்லை, ஆளைக் கண்டால் ஓடி ஒளிந்தது.

மஃரிப் தொழுதுவிட்டுப் பின்புறம் டோர்ச் அடித்தபோது கண்டேன். அங்கே என் மர அடுக்கு இருந்தது. வீட்டுத்திட்டத்தில் எல்லோர் வளவிலும் அப்படி ஒன்று இருந்தது. உடைந்த வீடுகளிலிருந்து பொறுக்கிய கதவு நிலை, கூரை வளை, கைமரம் எல்லாவற்றையும் என்றைக்காவது குசினியைப் பெரிதாக்கலாம் என்று கொண்டுவந்து, நனையக் கூடாதென்று பின்சுவரோடு ஒட்டி அடுக்கித் தறப்பாளால் மூடி வைத்திருந்தோம். கடல் விட்டுவைத்ததை எறிய யாருக்கும் மனம் வராது. இருட்டு, பொத்து, இடுக்கு, ஈரம் படாத மூடி. சிலந்திக்கு நாங்களே வீட்டுத்திட்டம் கட்டிக் கொடுத்திருக்கிறோம்.

தறப்பாளைத் தூக்கினேன். வளை மரத்துப் பொத்து வாயில் அது இருந்தது. மரப்பட்டை நிறம், முதுகில் கறுப்பும் சாம்பலுமாகக் கோலம். ஈர்க்குச்சியால் தட்டியதும் முன்னங்கால்களை உயர்த்திக்கொண்டு எதிர்த்து நின்றது. காலின் அடிப்பக்கம் மஞ்சள். சுற்றி எங்கேயும் வலை கிடையாது. பொத்துக்குள்ளே மட்டும் வெள்ளையாக நூல் மெத்தை. நீயா, சரி, வா என்று ஜாம் போத்தலைக் கவிழ்த்து, அடியில் மட்டையைச் செருகி மூடினேன்.

காலையில் போத்தலைக் கூடையில் வைத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டேன். சாவடியில் நின்ற ஆமிக்காரர் கூடையைத் திறக்கச் சொன்னார். திறந்தேன். போத்தலை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்தவர், "அம்மோ! திவி மக்குளுவா!" என்று என் கையிலேயே திருப்பித் திணித்துவிட்டு இரண்டடி பின்னால் போனார். சிங்களத்தில் அதன் பெயர் அது. அடையாள அட்டைகூடக் கேட்கவில்லை, போ போ என்று கையைக் காட்டினார். துவக்குப் பிடித்த மனிதர் என் கூடைக்குப் பயந்த ஒரே நாள் அது. எனக்குக் கொஞ்சம் சந்தோசமாகத்தான் இருந்தது.

"இதுதான், புலிமுகச் சிலந்தி" என்றார் டாக்டர். "ஆள் சாகிறது எண்டு இல்ல. ஆனா வலியும் இழுப்பும் நாள்கணக்கில இருக்கும். கடிச்சா வெட்டக் கூடாது, கயிறு கட்டக் கூடாது. கழுவி ஐஸ் வைங்க. சின்னப் பிள்ளை எண்டா உடனே இங்க கொண்டாங்க. மூச்சு முட்டினா பெரியவங்களும் வரணும்." பிறகு சொன்னார், "பத்தைக்குள்ள இருக்கிறதை எல்லாம் தேடிக் கொல்ல வேணாம். வீட்டோட ஒட்டி அதுக்கு இடம் குடுக்காதீங்க."

இடம் கொடுக்காமல் இருப்பது எப்படியென்று எனக்கா தெரியாது? மர அடுக்கை ஒவ்வொன்றாக இழுத்து வளவின் கோடியில், வெயிலில், கல்லின் மேல் தூக்கி வைத்தேன். பொத்து ஒவ்வொன்றிலும் கொதிதண்ணீர் ஊற்றி, காய்ந்ததும் சீமெந்தால் அடைத்தேன். கூரைக்கும் சுவருக்கும் இடையில் நுளம்பு வலை அடித்தேன். கதவுக்கடி இடுக்கில் பழைய டயர் ரப்பரை வெட்டி ஆணி அறைந்தேன். கூரையைத் தொட்ட முருங்கைக் கிளையை வெட்டினேன். தேங்காய்ப் பொச்சுமட்டைக் குவியலை எரித்தேன். பாயை மூலையில் நிறுத்துகிற பழக்கத்தை விட்டு, கொடிக்கயிற்றில் விரித்துப் போட்டேன்.

ஓடி வெளியே வந்ததை மண்வெட்டியால் அடித்தேன். ராத்தா வேலிக்கு மேலால் கண்டுவிட்டார்.

"அல்லாஹ்வே! சிலந்தியக் கொல்றியாகா? நாயகத்தக் காப்பாத்தின பூச்சியெல்லோ!"

"காப்பாத்தினது வலை பின்னின சிலந்தி ராத்தா. இது வலை பின்னுற சாதி இல்ல. இஞ்ச வந்து பாருங்க, எங்கயாவது ஒரு வலை இரிக்கா? பொத்துக்குள்ள பதுங்கியிரிந்து புள்ளையளக் கடிக்கிறதுக்கு அந்தப் பேரச் சொல்லிச் சோறு போட ஏலா."

"நீ என்ன ஓதிப்படிச்ச ஆலிமாவா?"

"இல்ல, கடிபட்ட புள்ளட உம்மா. கொய்யா மரத்தப் பாருங்க. வலை பின்னினது ஒண்டையும் நான் தொடல்ல."

ராத்தா முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். பின்னேரம் அவர் வளவில் தறப்பாள் இழுபடுகிற சத்தம் கேட்டது. நான் எட்டிப் பார்க்கவில்லை, அவருக்கும் மானம் ரோசம் இருக்கும்தானே.

கடைசிக் கைமரத்தைத் தூக்கும்போது கையில் சுற்றியிருந்த சாக்குத் துணி வழுக்கியது. என் சுட்டுவிரலின் அடியில் கடி விழுந்தது. அந்த வலியை எப்படிச் சொல்ல? நெருப்பு என்பார்கள், நெருப்பென்றால் கையை எடுத்துவிடலாமே. கடித்ததை இடது கையால் அடித்துக் கொன்ற பிறகுதான் உட்கார்ந்தேன். கழுவினேன், மீன்காரரிடம் ஐஸ் வாங்கி வைத்தேன். தோள்வரை இழுத்தது. தனியாக இருந்து சத்தம் போட்டு அழுதேன். மூச்சு முட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டேயிருந்தேன், முட்டவில்லை. மதினிக்குச் சொல்லி அனுப்பவில்லை. தெரிந்தால் வீடு போய்விடும். அல்லாஹ்வே, வலியை வேண்டுமானால் வைத்துக்கொள், வீட்டை விடு என்று துஆக் கேட்டேன்.

கை வீக்கம் வற்றுமுன்னே யுத்தம் முடிந்தது என்று செய்தி வந்தது. பெரிய ரோட்டில் பட்டாசு வெடித்தது. வயலுக்கு அப்பால், தமிழ் ஆட்கள் இருக்கிற நாவிதன்வெளிப் பக்கத்தில், ஒரு சத்தமும் இல்லை. நான் நடுவில் குந்தியிருந்து குசினி இடுக்குக்குச் சீமெந்து பூசிக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் வாசலில் வான் வந்து நின்றது. மதினி இறங்கினார், பின்னால் கணவர். மகள் வானுக்குள்ளேயே இருந்தாள். கமிட்டித் தலைவரும் சைக்கிளில் வந்து சேர்ந்தார்.

"சாமானக் கட்டு. கூட்டித்துப் போகத்தான் வந்திரிக்கம்" என்றார் மதினி. பிறகு என் கையைக் கண்டார். "யா அல்லாஹ்! ஒன்னயும் கடிச்சிட்டா? இதுக்கு மேலயும் இந்த வூட்டுல இரிக்கப் போறியா?"

தலைவர் என்னைப் பார்த்தார். "முடிவாச் சொல்லுங்க தங்கச்சி. இரிக்கிறீங்களா, விடுறீங்களா?"

"இரிக்கன். என்னை இஞ்ச இரிந்து எடுக்கிறதெண்டா சந்தூக்குலதான் எடுக்கணும்" என்றேன். செத்தவரின் ஜனாஸாவைத் தூக்குகிற பெட்டியின் பேரைச் சொன்னதும் மதினி வாயைப் பொத்திக்கொண்டார்.

வான் கதவு திறந்தது. மகள் இறங்கி வந்து என் வீங்கிய விரலை நெடுநேரம் பார்த்தாள்.

"நொந்திச்சா உம்மா?"

"ஓம். நல்லா நொந்திச்சி."

"அழுதீங்களா?"

"ஓம். கத்திக் கத்தி அழுதன்."

"பொறகு?"

"பொறகு எழும்பி மிச்ச வேலயச் செஞ்சன்."

அவள் வாசல்படியில் ஏறினாள். கதவுக்கடி ரப்பரைக் காலால் அழுத்திப் பார்த்தாள், மூலைகளைப் பார்த்தாள், கூரையைப் பார்த்தாள். பிறகு வாசலுக்கு வந்து நின்று, வானுக்குப் பக்கத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என் கணவரைக் கூப்பிட்டாள்.

"வாப்பா, இது எங்கட வூடு. நீங்க வாறெண்டா வாங்க."