வேலியில் தொங்கிய குழைகள்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு யுத்தங்கள் நடந்தன. ஒன்று இமயமலையில். சீனப் படை இந்தியாவுக்குள் இறங்கிக்கொண்டிருந்த கதையைப் பற்றரி றேடியோ மாலைதோறும் சொல்லும். மற்றது அந்த றேடியோவுக்கு முன்னால், ஐயாவுக்கும் குஞ்சியப்புவுக்கும் இடையில். குஞ்சியப்பு ஐயாவின் தம்பி, எனக்குச் சித்தப்பா. யாழ்ப்பாணத்திலிருந்து மல்லாவிப் பக்கத்துக் காட்டோரக் குடியேற்றக் காணிக்கு எங்களோடு வந்தவர்.

“உலகம் பாத்துக்கொண்டிருக்குது தம்பி. உலகத்தின்ரை வாய்க்கு எவனும் பயப்பிடத்தான் வேணும்” என்பார் ஐயா.

“உலகம் கதைக்கும் அண்ணை, படை வரும். கையிலை துவக்கு இல்லாதவன்ரை நியாயத்தை ஆர் கேக்கிறது?” என்பார் குஞ்சியப்பு.

அடுத்த நாள் செய்தியில் படை இன்னும் கொஞ்சம் முன்னே வந்திருக்கும். ஐயா றேடியோவை நிறுத்திவிட்டுச் சுருட்டைத் தேடுவார். எனக்கு எட்டு வயது. எந்த விளையாட்டிலும் வெல்லுகிற பக்கம் சேருகிற பெண் நான். குஞ்சியப்பு பக்கம் சேர்ந்துகொண்டேன்.

அவரிடம் உண்மையாகவே ஒரு துவக்கு இருந்தது. யானையும் பன்றியும் விரட்ட அனுமதியோடு வாங்கியது. ஆனால் எங்கள் இளம்பயிரை மேய்ந்தவை பழைய ஊரின் மாடுகள். நாங்கள் வருவதற்குப் பல தலைமுறை முன்பிருந்தே காட்டுக்கு அப்பால் இருந்தவர்கள் அந்த ஊரார். மாட்டைக் கட்டிவைக்கும் வழக்கம் அவர்களுக்கு இல்லை. அத்தனை வயலுக்கும் வேலி போட எங்களுக்கு வக்கில்லை. ஐயா போய் நியாயம் பேசினார், தேத்தண்ணி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். மாடுகளும் திரும்பி வந்தன. ஒரு காலையில் குஞ்சியப்பு, மாட்டுப் பட்டிக்கு முன்னால் வந்த நாம்பன் மாட்டைச் சுட்டு விழுத்தினார்.

சண்டைக்கு வருவார்கள் என்று காத்திருந்தோம். ஒருவரும் வரவில்லை. செத்த மாட்டை எடுக்கக்கூட வரவில்லை. மறுநாள் விடிய, எங்கள் வாசல் படலையடி வேலியில் இலையோடு முறித்த ஒரு பச்சைக் குழை தொங்கியது. பிறகு இன்னொன்று. அந்த வழியால் போன பழைய ஊரார் ஒவ்வொருவரும் ஒரு கொப்பை முறித்து வேலியில் தொங்கவிட்டு, கும்பிட்டுவிட்டு, வீட்டைத் திரும்பிப் பாராமல் போனார்கள். கூப்பிட்டால் பதில் இல்லை, நடை மட்டும் விரைந்தது. காற்றே இல்லாத மத்தியானங்களிலும் அந்த வாடிய இலைகள் சரசரத்தன. படலையடியே கதியென்று கிடந்த எங்கள் நாய் குசினி அடுப்படிப் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது.

“பாத்தியளே அண்ணை, கும்பிடுறாங்கள்!” என்று சிரித்தார் குஞ்சியப்பு. மாடுகளும் அதன்பின் வரவில்லை. நான் படலையில் ஏறி நின்று அந்தக் கும்பிடுகளையெல்லாம் எனக்கென்றே வாங்கிக்கொண்டேன். பிள்ளைத்தாச்சியாக இருந்த அம்மாவின் முகம்தான் வெளிறிப்போனது.

“ஆனை ஆளை அடிச்சுக் கொன்ற இடத்திலையெல்லோ உவை உப்பிடிக் குழை கட்டுறவை” என்றார்.

மழைக்கால மத்தியானம் ஒன்றில் அம்மாவுக்கு நோக்கண்டது. ஆசுப்பத்திரிக்குப் போகும் பாதையை வெள்ளம் அறுத்திருந்தது. மருத்துவிச்சி இருந்ததோ பழைய ஊரில். ஐயா ஓடினார், தனியே திரும்பினார். பாய் போட்டு இருத்தினார்களாம், தண்ணீர் கொடுத்தார்களாம், ஊரே கூடி அவரைப் பார்த்துக்கொண்டிருந்ததாம். ஒரு வாய் திறக்கவில்லையாம்.

“நான் போய் இழுத்துக்கொண்டு வாறன்” என்று குஞ்சியப்பு துவக்கோடு இறங்கினார். படலையைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

வெளியே மழைக்குள் பழைய ஊர் முழுவதும் நின்றது. ஆண்கள், பெண்கள், இடுப்பில் குழந்தைகள். ஐயாவுக்குப் பின்னாலேயே வந்திருக்க வேண்டும், காலடிச் சத்தம்கூடக் கேட்கவில்லை. ஒருவர் கையிலும் கத்தியோ தடியோ இல்லை. பார்த்துக்கொண்டு மட்டும் நின்றார்கள். குஞ்சியப்பு துவக்கை உயர்த்தினார். ஒருவரும் அசையவில்லை. உள்ளே அம்மா அலறினார். அதற்கும் ஒரு தலை திரும்பவில்லை. இடுப்பிலிருந்த குழந்தைகள்கூட இமைக்காமல் குஞ்சியப்புவையே பார்த்தன. துவக்கின் முனை மெல்லக் கீழே இறங்கத் தொடங்கியதைக் கண்டேன்.

முன்னால் நின்ற மருத்துவிச்சி சொன்னார்: “அதைக் குடுத்திட்டு விலகுங்கோ தம்பி. நான் உள்ளை போகோணும்.”

குஞ்சியப்பு துணைக்கு ஐயாவைத் திரும்பிப் பார்த்தார். ஐயாவும் அவர்களைப் போலவே அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

துவக்கு கைமாறியது. யாரோ வாங்கினார்கள், மழைக்குள் கொண்டுபோனார்கள். மருத்துவிச்சி உள்ளே ஓடினார்.

சில நாளில் மாடுகள் மறுபடி வந்தன, அந்தப் போகத்தில் பாதி அவற்றின் வயிற்றுக்குள் போயிற்று. குஞ்சியப்பு சொன்னதும் முழுப் பொய்யில்லை என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். அதெல்லாம் பிறகு. அன்று பொழுதுபடுமுன் தம்பி பிறந்தான், அம்மாவும் பிழைத்துக்கொண்டார். ஐயா சிரித்தபடி வீட்டுக்குள் ஓடித்திரிந்தார். நானோ படலையடியில் வெறுங்கையோடு நனைந்துகொண்டிருந்த குஞ்சியப்புவைக் கட்டிப்பிடித்து, நாங்கள் தோற்றுப்போனோமே என்று தம்பியைவிட உரக்க அழுதுகொண்டிருந்தேன்.