நிழலில் நின்ற வண்டி

அடுக்களையில் டம்ளர்கள் கிணுகிணுத்தன.

"வந்துட்டார்" என்றாள் இருபத்தஞ்சு அக்கா. "வண்டி இன்னும் தெருமுனையிலதான் இருக்கும். எங்க வீட்டு டம்ளருக்குத்தான் முதல்ல தெரியும்."

கூடத்தில் உட்கார்ந்திருந்த மர அதிகாரி லேசாகச் சிரித்தார். கையில் மண்ணில் குத்திப் பார்க்கும் நீளமான இரும்புக் கம்பி, காலடியில் சிவப்புப் பெயின்ட் டப்பா. வீட்டை ஒட்டி நிற்கும் மரம் உச்சியிலிருந்து பட்டுக்கொண்டே வந்தது. தேறாது என்று அவருக்குத் தோன்றினால் சிவப்புக் கோடு. கோடு விழுந்தால் ஒரே வாரத்தில் வெட்டு. அக்காவின் கண் அந்த டப்பாவை விட்டு அகலவில்லை.

'இருபத்தஞ்சு' என்ற பெயர் அவளுக்கு வேலை பார்க்கும் மண் பரிசோதனைக் கூடத்தில் வந்தது. சாலைக்குப் போடும் மண்ணை இரும்பு உருளைக்குள் கொட்டி, சம்மட்டியைத் தூக்கித் தூக்கி விட வேண்டும். ஓர் அடுக்குக்கு இருபத்தைந்து அடி, அப்படி மூன்று அடுக்கு. பதினெட்டு வருடமாக உரக்க எண்ணுகிறாள். "அக்கா தூக்கத்துலயும் எண்ணுவாங்கடா" என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி பேசுவார்கள்.

தூக்கத்தில் அவள் எண்ணுவதில்லை. மண்ணுக்குள் நடப்பாள். நல்ல மண்ணில் பாதி வெறும் இடம்தானே. கண்ணுக்குத் தெரியாத சிற்றறைகள், அவற்றுக்கு நடுவே நடைகள். சில அறைகளில் தண்ணீர் தூங்கும், சிலவற்றில் காற்று உலவும். வேரின் நுனி ஒவ்வோர் அறையாக எட்டிப் பார்த்துக்கொண்டே போகும், அவளும் வெறுங்காலோடு பின்னால் போவாள். விடிந்ததும் அதே அறைகளைச் சம்மட்டியால் மூடப் போவாள். இளகிய மண்மேல் சாலை நிற்காதே!

போன வருடம் ஒரு மழை விட்ட காலையில், மரத்தடியில் தண்ணீர் கீழே இறங்காமல் கண்ணாடிபோல் தேங்கி நின்றது. அவளுக்குப் பொறி தட்டியது. ஓர் இரும்பு வளையத்தை அங்கே அடித்து இறக்கி, அதில் வந்த மண்ணைப் பரிசோதனைக் கூடத்துக்குக் கொண்டுபோய் உலர்த்தி எடை பார்த்தாள். சம்மட்டியால் இறுக்கிய சாலை மண்ணின் எடை வந்தது. வேர் நுழைய ஓர் அறைகூட மிச்சமில்லை. மரத்தின் மூச்சை யார் அடைக்கிறார்கள் என்று தெரிந்துவிட்டது.

ஆனாலும் வாய் திறக்கவில்லை.

எப்படித் திறப்பாள்? அவள் கணவர் ரோலர் ஓட்டுகிறவர். எங்கெங்கோ சாலை போடப் போய், கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு விருந்தாளியாகவே இருந்தவர். இரண்டு வருடமாகத்தான் பக்கத்துத் தெருக்களில் வேலை. மதியமானால் வண்டியை மரநிழலில் நிறுத்திவிட்டு உள்ளே வருவார். அவளும் பரிசோதனைக் கூடத்திலிருந்து ஓடி வருவாள். அரை மணி நேரம். அவள் வாழ்ந்ததெல்லாம் அந்த அரை மணி நேரம்தான்.

ரோலர் மரத்தடியில் வந்து ஓய்ந்தது. ஜன்னல் வழியே பார்த்த அதிகாரி, உள்ளே வந்தவரிடம் கேட்டார்: "இது தினமும் இங்கதான் நிக்குமா?"

"ஆமா சார், பத்து டன்! இந்த நிழலை விட்டா அதுக்கு வேற இடமே பிடிக்காது" என்று பெருமையாகத் தொடங்கியவர், அதிகாரியின் கம்பியைப் பார்த்தார்.

"இந்தக் கம்பி மரத்தடியில ரெண்டு விரக்கடைகூட இறங்கலைங்க" என்றார் அதிகாரி.

கணவரின் முகம் விழுந்தது. மண்ணை அழுத்துவது அவருக்குத் தெரியாத தொழிலா? "அப்ப நான்தானா?" என்றவர் மனைவி பக்கம் திரும்பினார். "உனக்குமா தெரியாமப் போச்சு?"

"தெரியும். போன வருஷ மழையிலயே தெரியும்."

"அடிப்பாவி! ஏன் சொல்லல?"

"சொன்னா வண்டியை வேலை நடக்கிற இடத்துலயே நிறுத்திடுவீங்க. அப்புறம் இங்க யாரு வருவா?" அதற்குமேல் அடக்க முடியவில்லை. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அதிகாரி கூரையை ஆராயத் தொடங்கினார்.

"வண்டி சூடாகுதுன்னு மேஸ்திரிகிட்ட தினம் பொய் சொல்லிட்டு வரேன்டி" என்றார் கணவர். "பத்து டன் இரும்புக்கு எதுக்கு நிழலு? பொண்டாட்டியைப் பார்க்கப் போறேன்னு நாலு பேர் முன்னால சொல்ல வாய் வருமா?"

"நல்லா இருக்கு!" என்றார் அதிகாரி. "உங்க ரெண்டு பேருக்கும் கூச்சம், சாகறது மட்டும் மரமா?"

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மரத்தைச் சுத்தி ஆழமாத் துளை போட்டு, மக்கின இலையும் பருமணலும் நிரப்புங்க. சக்கரம் கிட்டவே வரக்கூடாது. துளிர்க்கிற காலத்துல வந்து பார்ப்பேன்."

"துளிர்க்கலைன்னா?" என்றாள் அக்கா.

அதிகாரி டப்பாவைத் தூக்கிக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து நடந்தே வரேன்" என்றார் கணவர். "அரை மணிச் சாப்பாட்டு நேரத்துல போக வர இருபது நிமிஷம். சாப்பிடப் பத்து நிமிஷம்தான் மிஞ்சும்."

"மேஸ்திரிகிட்ட?"

"உண்மையைச் சொல்றேன். சிரிச்சா சிரிச்சுட்டுப் போகட்டும்."

"வரேம்மா" என்று அதிகாரி படியிறங்கினார். டப்பாவின் மூடி திறக்கப்படவே இல்லை. நாளை டம்ளர் சேதி சொல்லாது, கணவரின் காலடி எப்படி ஒலிக்கும் என்று இனிமேல்தான் பழகிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தபடியே அவள் கதவைச் சாத்தினாள்.