பசை அண்ணனின் விரல்கள்

இதய சிகிச்சை அறையில் அவருக்குப் பசை அண்ணன் என்று பெயர். பிறவியிலேயே இதயக் கோளாறுள்ள குழந்தைகளுக்குத் தொடை ரத்த நாளம் வழியாக இதயம்வரை மெல்லிய குழாய் விட்டுப் பார்ப்பார்கள். குழாயை உருவியதும் அந்த இடத்தை விரலால் கால் மணி நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். லேசாகப் பிடித்தால் ரத்தம் கொட்டும். ஒரேயடியாக அழுத்தினால் காலுக்கு ரத்தம் போகாது. பத்தொன்பது வருஷமாக இதுதான் அவர் வேலை. கை வைத்துவிட்டால் மூக்கு அரித்தாலும் எடுக்க மாட்டார், அதனால்தான் அந்தப் பெயர். பெரிய டாக்டரே, "பசை இருக்காரா? அப்ப நான் நிம்மதியா டீ குடிக்கலாம்" என்பார்.

அந்த நம்பிக்கைதான் இப்போது அவர் கழுத்தை நெரித்தது. ஆறு மாதமாக விரல் நுனிகள் மரத்துக் கிடந்தன. சட்டைப் பொத்தானை மனைவிதான் போட்டுவிடுகிறாள். "வாயத் தொறந்து சொல்லித் தொலைங்களேன்" என்று தினம் ஒரு பாட்டும் விடுகிறாள். சொன்னால் சக்கர நாற்காலி தள்ளப் போடுவார்களே! மனிதருக்கு அந்த வீம்பு. இடது கையால் பாத நாடியைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, பாதத்தின் நிறத்தை வைத்தே ஒப்பேற்றிவந்தார். சிவந்திருந்தால் சரி. வெளுத்தால் பிடியைத் தளர்த்துவார்.

அன்று வந்தது எட்டு மாதக் குழந்தை, பிறந்ததிலிருந்தே உடம்பு நீலம் பூத்தது. அழுத்திப் பிடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. இரண்டு பாதமும் ஒரே நீலம். நிறத்தை நம்ப வழியில்லை, இடது விரல்களுக்கோ ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை எடுக்கவும் முடியாது, வைத்திருக்கவும் பயம். கடிகாரத்தில் நாலு நிமிஷம்தான் ஆகியிருந்தது. பாவி, பிள்ளையின் காலைக் கெடுத்துவிடுவேனோ! பக்கத்தில் நின்ற நர்ஸைக் கூப்பிட்டார்.

"சிஸ்டர், பாதத்துல நாடி இருக்கான்னு பாருங்க."

"நீங்கதானேண்ணே தொட்டுட்டு இருக்கீங்க?"

"எனக்குத் தெரியலம்மா. விரல் மரத்துப்போச்சு. ஆறு மாசமா."

நர்ஸ் பாதத்தைத் தொட்டாள். முகம் மாறியது. "இல்லண்ணே. சில்லுன்னு இருக்கு. லேசா விடுங்க... இன்னும் கொஞ்சம்... ஆங், வந்துடுச்சு."

மீதி நேரம் முழுக்க அவள் சொல்லச் சொல்ல அவர் பிடித்தார். ரத்தம் நின்று கட்டுப் போட்டதும் பெரிய டாக்டர் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். "அடுத்தது இதைவிடச் சின்னக் குழந்தை. பசையத் தவிர யாரும் கை வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

நர்ஸ் அவரைப் பார்த்தாள். அவர் கையுறைகளைக் கழற்றினார்.

"என்னைத் தவிர யார் வேணும்னாலும் வைக்கலாம் டாக்டர்."